கார் இயந்திரம் மூச்சு விடக் கற்ற வரலாறு



இன்றைய உரை கார் இயந்திரத்தைப் பற்றியது. மிதிவண்டி நின்ற வாசலில் மோட்டார் சைக்கிளும், மோட்டார் சைக்கிள் நின்ற வாசலில் காரும் வந்து நிற்கும் காலம் இது. அந்தக் கார்களின் விளம்பரத் தாள்களில் வி.வி.டி., டி.வி.வி.டி., வி-டெக், சி.பி.எஸ். என்று எழுத்துக் கூட்டங்கள் அச்சாகியிருப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். பழைய கார் வாங்கப் போனால், "இந்த எழுத்துள்ள எஞ்சின் எண்ணெய் குறைவாகக் குடிக்கும்" என்று சொல்லியே விலை பேசுவாரும் உண்டு. அவ்வெழுத்துகள் எதைக் குறிக்கின்றன, எங்கிருந்து வந்தன, உண்மையில் எவ்வளவு மிச்சம் தருகின்றன என்பவற்றைப் பணம் கொடுக்கும் நாம் தெரிந்துகொள்வது நல்லது. அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

ஜெர்மனி நாட்டு நிக்கோலஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டில் நான்கு வீச்சு இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். இன்று பெட்ரோலில் ஓடும் கார்கள் ஏறக்குறைய எல்லாமே அதன் வழி வந்தவைதாம். சிலிண்டர் என்பது ஓர் உலோகக் குழல். அதனுள்ளே பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உள்ளே இழுக்கிறது. இரண்டாம் வீச்சில் மேலேறி அக்கலவையை நெருக்குகிறது. மூன்றாம் வீச்சில் பொறி பட்டுக் கலவை எரிய, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. வண்டியை நகர்த்துவது இந்த ஒரு வீச்சுதான். நான்காம் வீச்சில் எரிந்த புகை வெளியே போகிறது. நான்கில் ஒன்றுதான் உழைப்பு; மற்ற மூன்றும் அவ்வுழைப்புக்கான ஏற்பாடு.

காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் சிலிண்டரின் தலையில் கதவுகள் உண்டு. அவைதாம் வால்வுகள். நூலோர் இதனை ஓரதர் என்று மொழிபெயர்த்திருக்கின்றனர். நல்ல சொல்தான், ஆயினும் பட்டறையில் போய் ஓரதர் என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே வால்வு என்றே சொல்வோம். இந்த வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு என்னும் ஒரு சுழலும் தண்டு. அதன் மேல் முட்டையின் கூர்முனையைப் போன்ற மேடுகள் இருக்கும். தண்டு சுழலும்போது மேடு வந்து தட்டினால் வால்வு திறக்கும். மேடு நகர்ந்ததும் சுருள்வில் அதனை மூடிவிடும். இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடியில் 50 தடவை திறந்து மூடுகிறது. கார் சாலை விளக்கில் நின்று மெல்ல உறுமிக்கொண்டிருக்கும்போது அதே வால்வு ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஏழு தடவைதான் திறக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பேருந்தை நினைத்துக்கொள்வோம். பத்துமலைத் தைப்பூசத்துக்குக் கூட்டம் முண்டியடித்து ஏறுகிறது. அந்த வேகத்தில் கதவை ஒரு நொடி தாமதித்து அடைத்தால் இன்னும் நால்வர் உள்ளே வந்துவிடுவர். பின்னால் வருவோரின் உந்துதலே அவர்களை ஏற்றிவிடும். கூட்டமில்லாத சாதாரண நாளில் கதவைத் திறந்தே வைத்திருந்தால், ஏறியவர் இறங்கிப்போவதும் உண்டு. காற்றும் அப்படித்தான். இயந்திரம் விரைந்து சுழலும்போது உள்ளே பாயும் காற்றுக்கு ஓர் உந்துவேகம் இருக்கிறது. வால்வைத் தாமதித்து மூடினால் கூடுதல் காற்று சேரும், ஆற்றலும் கூடும். மெதுவாகச் சுழலும்போது அதே தாமதம், மேலேறும் பிஸ்டன் காற்றைத் திரும்பவும் வெளியே தள்ளக் காரணமாகிவிடும். ஒரு வேகத்துக்குப் பொருத்தமான நேரம் மறு வேகத்துக்குப் பொருந்துவதில்லை. கேம் தண்டின் மேடோ வார்த்தெடுத்த இரும்பு. அது மனம் மாறாது. ஆகவே கார் செய்தோர் நடுத்தரமான ஒரு நேரத்தை வைத்துவிட்டு, இரு பக்கமும் கொஞ்சம் இழப்பை ஏற்றுக்கொண்டனர்.

இரண்டாவது சிக்கலும் உண்டு. பெட்ரோல் இயந்திரத்தில் நாம் காலால் மிதிப்பது உண்மையில் ஒரு காற்றுத் தகட்டை. காலை எடுத்தால் அந்தத் தகடு காற்று வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. சமதளச் சாலையில் சீராகப் போகும் காருக்கு அதன் முழு ஆற்றலில் ஒரு சிறு பகுதியே போதும். ஆகவே பயணத்தின் பெரும்பகுதி இந்தத் தகடு ஏறத்தாழ மூடியே இருக்கிறது. பிஸ்டன்களோ அந்தச் சிறு இடுக்கு வழியே காற்றை இழுக்கப் போராடுகின்றன. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு நடப்பது போன்ற வேலை இது. அந்தப் போராட்டத்துக்கும் பெட்ரோல்தான் செலவாகிறது. இயந்திரம் பெரிதாக இருக்க இருக்க இந்த வீண்செலவும் கூடும்.

நேரத்தை மாற்றும் வால்வு என்பது கார் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நீராவி இரயில் ஓட்டுநர்கள் இதனைக் கையாலேயே செய்தார்கள். இங்கிலாந்தில் ராபர்ட் ஸ்டீபன்சன் தொழிலகத்தில் 1842ஆம் ஆண்டில் உருவான வால்வு இணைப்பில், ஓட்டுநர் ஒரு நெம்புகோலை நகர்த்தி, சிலிண்டருக்குள் நீராவி எவ்வளவு நேரம் புகவேண்டும் என்பதை மாற்ற முடிந்தது. வண்டி கிளம்பும்போது நெடுநேரம் நீராவி விடுவார். வேகம் பிடித்தபின் சீக்கிரமே அடைத்துவிட்டு, உள்ளே போன நீராவி விரிந்து வேலை செய்ய விட்டுவிடுவார். நிலக்கரி மிச்சமாகும். 1885ஆம் ஆண்டு தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் ஓடிய நாளிலேயே இந்தக் கலை உலகில் பழகிப்போன கலை. ஆனால் இரயில் ஓட்டுநர் பயிற்சி பெற்ற ஆள். கணத்துக்குக் கணம் வேகம் மாறாத வண்டி அவருடையது. சந்தைக்குப் போகிற கார்க்காரர் ஒவ்வொரு சந்தியிலும் வால்வு நெம்புகோலைத் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா?

சிலிண்டருக்கு ஓய்வு கொடுக்கும் எண்ணமும் பழையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அமெரிக்கப் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரங்கள் ஓடின. அவற்றின் முதுகில் கனத்த சக்கரம் ஒன்று சுழலும். அந்தக் காலத்து இயந்திரம் பலவற்றில் காற்று வரும் வால்வைத் திறக்க மேடு கிடையாது. பிஸ்டன் இழுக்கும் இழுப்பிலேயே அது தானாகத் திறக்கும். ஜெர்மனியின் டைம்லர் 1885இல் அமைத்த இயந்திரத்திலும் அப்படித்தான். பண்ணை இயந்திரம் வேண்டிய வேகத்தை எட்டியதும், ஒரு கொக்கி வந்து புகை வெளியேறும் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். அப்போது உள்ளே இழுப்பு உண்டாகாது. ஆகவே காற்றும் வராது, எண்ணெயும் வராது. சக்கரம் தன் கனத்தால் சும்மா சுழலும். வேகம் குறைந்ததும் கொக்கி விலகும். மீண்டும் ஒரு வெடி. "டப்" என்று ஒரு சத்தம், பிறகு சில சுற்றுக்கு வெறும் மூச்சு, மீண்டும் "டப்". வேலை இருந்தால் வெடி, இல்லாவிட்டால் ஓய்வு. கணினி இல்லை, மின்சாரக் கட்டுப்பாடு இல்லை. சுழலும் எடைக்கற்களும் ஒரு கொக்கியுமே அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டன.

பிறகு கார்கள் பெருகின. பெட்ரோல் மலிவாக இருந்தது. அமெரிக்காவில் எட்டுச் சிலிண்டர் கார் செல்வாக்கின் அடையாளமாயிற்று. மிச்சம் பிடிப்பது பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்து நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி, 1985க்குள் ஒரு கேலனுக்கு 27.5 மைல் என்ற அளவை எட்ட வேண்டும் என்றது அது. பெரிய கார் செய்து பழகியவர்களுக்கு இது பெரும் இடியாயிற்று.

இந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கடிலாக் கார்களுக்கென 1981இல் வந்த எட்டு-ஆறு-நான்கு இயந்திரம். இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் இதன் தோல்வியில் கற்க வேண்டியது நிறைய உண்டு.

கடிலாக்கின் அந்த இயந்திரம் 6 லிட்டர் கொள்ளளவு உடையது; எட்டுச் சிலிண்டர். ஈட்டன் என்னும் நிறுவனத்தோடு சேர்ந்து அதில் ஒரு புதுமையைச் செய்தனர். எட்டில் நான்கு சிலிண்டர்களின் வால்வுகளுக்கு மேல் மின்காந்தக் கருவிகளைப் பொருத்தினர். ஒரு சிறு கணினி காரின் வேகத்தையும் பளுவையும் பார்த்து, தேவையில்லாத வேளையில் இரண்டு சிலிண்டர்களின் வால்வுகளையோ நான்கு சிலிண்டர்களின் வால்வுகளையோ திறக்காமல் நிறுத்திவிடும். மேடு சுழலும், தட்டும் கை சும்மா ஆடும், வால்வு அசையாது. ஓட்டுநருக்கு முன்னே ஒரு பொத்தானை அழுத்தினால் இப்போது எத்தனை சிலிண்டர் வேலை செய்கிறது என்பதையும் எண்ணாகக் காட்டும்.

பொறி மட்டும் நின்றால் போதாதா, வால்வை ஏன் மூட வேண்டும் என்று மாணவர் கேட்கலாம். வால்வு திறந்து மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சிலிண்டர் வெறும் காற்றை இழுத்து இழுத்து வெளியே தள்ளும், உழைப்பு வீண். இரண்டு வால்வும் மூடியிருந்தாலோ உள்ளே அகப்பட்ட காற்று சுருள்வில்லைப் போல நெருங்கும், பின் விரியும். நெருக்கக் கொடுத்த உழைப்பில் பெரும்பகுதி விரியும்போது திரும்பி வந்துவிடும். வேலையில் இருக்கும் மற்ற நான்கு சிலிண்டர்களோ எட்டின் வேலையைத் தாங்க வேண்டியிருப்பதால் காற்றுத் தகடு அகலத் திறக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த எட்டுப் பேருக்குப் பதில் தாராளமாக மூச்சு விட்டு நடக்கும் நால்வர்.

தோட்டத்து வழக்கில் சொன்னால், காலைப் பெரட்டில் எண்பது பேர் நிற்கிறார்கள். வேலையோ நாற்பது பேருக்குத்தான். எண்பது பேருக்கும் அரை வேலை கொடுப்பது ஒரு முறை. நாற்பது பேருக்கு முழு வேலை கொடுத்து மற்றவரை வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு முறை. ஆட்கள் விஷயத்தில் இரண்டாவது முறை எத்தனை அடுப்புகளை அணைத்துவிடும் என்பது நமக்குத் தெரிந்ததே. இயந்திரத்துக்கு வயிறு இல்லை; ஆதலால் அங்கே அது நியாயமாகிறது.

எண்ணம் இவ்வளவு நேர்த்தியாக இருந்தும் கார் ஏன் தோற்றது? கணினி போதிய விரைவு பெறாத காலம் அது. ஓட்டுநர் முந்திச் செல்ல மிதித்தால் நான்கிலிருந்து எட்டுக்கு வருவதற்குள் வண்டி ஒரு தடவை தயங்கும், பிறகு குலுங்கும். நகரத் தெருவில் மாறி மாறி மிதிக்கும்போது அதன் கணக்கு தடுமாறியது. நிறுவனம் கணினியின் கட்டளைச் சில்லைப் பலமுறை மாற்றித் திருத்திப் பார்த்தது. வாங்கியவர்களில் பலர் பொறுமை இழந்து, அந்தக் கட்டுப்பாட்டுக் கம்பியையே துண்டித்துவிடச் சொன்னார்கள். துண்டித்ததும் அது சாதாரண எட்டுச் சிலிண்டர் காராக ஒழுங்காக ஓடிற்று. அடுத்த ஆண்டே சாதாரணக் கடிலாக் கார்களிலிருந்து அந்த இயந்திரம் எடுக்கப்பட்டது. நீண்ட லிமோசின் வகைகளில் மட்டும் 1984 வரை இருந்தது. அதன் பின் இருபது ஆண்டுக்காலம் அமெரிக்காவில் சிலிண்டருக்கு ஓய்வு என்று பேசுவோரைக் கேலியாகப் பார்த்தனர். எண்ணத்தில் பிழையில்லை என்பதே நம் கருத்து. பண்ணை இயந்திரத்துக் கொக்கி ஒரே வேகத்தைக் காத்தால் போதும்; காரில் அந்தக் கொக்கியின் இடத்தில் நிற்க வேண்டிய மூளை அன்று இன்னும் வளரவில்லை.

ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனமும் 1982இல் இதே முயற்சியில் இறங்கியது. பெரிய காரில் அன்று, 1.4 லிட்டர் நான்கு சிலிண்டர் சிறிய காரில். ஓரியன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த அந்த இயந்திரம், தேவை குறையும்போது இரண்டு சிலிண்டரில் ஓடும். நமக்கு இது தொலைவான செய்தி அன்று. 1985ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த நம் நாட்டின் முதல் கார், புரோட்டோன் சாகா, அதே ஓரியன் குடும்பத்து 1.3 லிட்டர் இயந்திரத்தோடுதான் வந்தது. அண்ணனுக்குப் பாதி ஓய்வெடுக்கத் தெரிந்திருந்தது. சாகாவுக்கு வந்த தம்பிக்கு அந்த வித்தை கிடையாது. நல்லதாயிற்று என்றே சொல்லலாம். நான்கு சிலிண்டர் இயந்திரம் இரண்டில் ஓடும்போது அதிர்வு கூடும். மிட்சுபிஷி 1990களின் தொடக்கத்தில் மீண்டும் ஒரு தடவை அதனைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. சாகா எளிமையான இயந்திரம் ஆனதால்தான் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பழுதுபார்க்க முடிந்தது. பல வீடுகளில் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தது.

இதற்கிடையில் முதல் சிக்கலுக்கு, அதாவது வால்வின் நேரத்துக்கு, வேறு இடங்களில் வழி பிறந்துகொண்டிருந்தது. இத்தாலியின் அல்ஃபா ரோமியோ 1980இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய ஸ்பைடர் காரில், கேம் தண்டைச் சற்றே முன்னே திருப்பிவிடும் ஓர் ஏற்பாட்டை வைத்தது. அதனை வகுத்தவர் ஜியாம்பாவ்லோ கார்சியா என்னும் பொறியாளர். மேட்டின் வடிவத்தை மாற்ற முடியாவிட்டாலும், தண்டையே கொஞ்சம் திருப்பினால் வால்வு முன்னதாகவோ பின்னதாகவோ திறக்குமல்லவா? கடிகார முள்ளை நகர்த்துவது போன்ற உபாயம். விற்பனைக்கு வந்த கார்களில் இதுவே முதல்.

ஹோண்டா நிறுவனம் வேறு வழியில் போயிற்று. அது மோட்டார் சைக்கிளில் தொடங்கியது. 1983இல் வந்த 400 சிசி சிபிஆர் வண்டியில், மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு வால்வுகளில் இரண்டு மட்டும் வேலை செய்யும். வேகம் ஏறியதும் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். அதிலிருந்து வளர்ந்ததுதான் வி-டெக். இக்குவோ கஜிதானி என்னும் பொறியாளர் இதில் முன்னின்று உழைத்தார். தண்டில் ஒவ்வொரு சோடி வால்வுக்கும் மூன்று மேடுகளை வைத்தார்கள். ஓரத்து இரண்டும் தாழ்ந்தவை, மெதுவான ஓட்டத்துக்கு. நடுவிலுள்ளது உயர்ந்தது, விரைந்த ஓட்டத்துக்கு. சாதாரண வேளையில் நடு மேடு யாரையும் தொடாமல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். வேகம் கூடியதும் கணினி சைகை காட்ட, எஞ்சின் எண்ணெயின் அழுத்தம் ஒரு சிறு ஆணியைத் தள்ளி மூன்று கைகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அக்கணமே உயர்ந்த மேடு ஆட்சிக்கு வரும்.

1989ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹோண்டா இன்டெக்ரா காரில் இது வந்தபோது, 1.6 லிட்டர் இயந்திரம் 160 குதிரைத் திறன் தந்தது. 1981ஆம் ஆண்டின் 6 லிட்டர் கடிலாக் தந்ததோ 140. இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கனமான காரை மெல்ல இழுக்கும் வலு பெரிய இயந்திரத்துக்கே அதிகம், ஹோண்டாவின் ஆற்றல் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் முழுதும் வெளிப்படும். இருந்தாலும் எட்டு ஆண்டுகளில் உலகம் எங்கே போய்விட்டது என்பதை அது காட்டுகிறது.

தொயோத்தா நிறுவனம் 1995இல் கிரவுன் காரில் வி.வி.டி.-ஐ என்ற முறையைக் கொண்டுவந்தது. இதில் மேடு மாறுவதில்லை. தண்டு மட்டும் திரும்புகிறது. ஆனால் இரண்டு நிலை அன்று. கணினி விரும்பும் அளவுக்கு, படிப்படியாக, ஓட்டத்தோடு ஓட்டமாக. தண்டின் முனையிலுள்ள பல்சக்கரத்துக்குள் சிறு அறைகள் இருக்கின்றன. ஒரு பக்கத்து அறையில் எண்ணெய் விட்டால் தண்டு முன்னே திரும்பும்; மறு பக்கத்தில் விட்டால் பின்னே திரும்பும். செய்வதற்கு மலிவு, கெடுவது குறைவு. சாதாரணக் குடும்பங்களின் கார் வரைக்கும் இறங்கி வந்தது இந்த வகைதான்.

நம் நாட்டுக்கு அது வந்து சேர்ந்த பாதை இது. பெரோடுவா 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் மைவியை வெளியிட்டது. ஜப்பானின் டைஹட்சு நிறுவனத்திலிருந்து வந்த அதன் 1.3 லிட்டர் இயந்திரத்தில் டி.வி.வி.டி. இருந்தது. கொள்ளளவில் அது முதல் சாகாவின் அளவேதான். ஆனால் சாகாவுக்கு எட்டு வால்வு, மைவிக்குப் பதினாறு. சாகாவுக்கு கார்புரேட்டர், மைவிக்குக் கணினி அளந்து தெளிக்கும் எரிபொருள். இருபது ஆண்டில் உண்டான வேறுபாடு முழுவதையும் அந்த நான்கு எழுத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது. புரோட்டோன் 2004இல் தன் சொந்த காம்ப்ரோ இயந்திரத்தை அறிமுகம் செய்தது. முதலில் அதில் இத்தகைய ஏற்பாடு இல்லை. நடுத்தர வேகத்தில் இழுவை தளர்கிறது என்று ஓட்டியவர்கள் குறைகூறினார்கள். 2008இல் வந்த சி.பி.எஸ். வகையில் மேட்டை மாற்றும் முறை சேர்க்கப்பட்டது. பெரோடுவாவின் மூன்று சிலிண்டர் அக்சியா 2014இல் வந்தது. 2017இல் மேம்படுத்தப்பட்ட வகைகளில் வி.வி.டி.-ஐ புகுந்தது.

சிலிண்டருக்கு ஓய்வு தரும் முறையும் மறுபிறவி எடுத்தது. 2003இல் ஹோண்டா தன் ஆறு சிலிண்டர் இன்ஸ்பயர் காரில் மூன்றுக்கு ஓய்வளித்தது. அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனம் 2004 முதல் எட்டில் நான்கை நிறுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸும் பழைய கசப்பை மறந்து திரும்பி வந்தது. 2012இல் வோக்ஸ்வேகன் 1.4 லிட்டர் நான்கு சிலிண்டர் காரில் இரண்டை நிறுத்திக் காட்டியது. 2018இல் ஃபோர்ட் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் இயந்திரத்திலேயே ஒன்றை நிறுத்தியது. நிறுத்தவும் தொடங்கவும் ஒரு விநாடியில் எழுபதில் ஒரு பங்கு நேரமே அதற்குத் தேவை. 1981இல் தயங்கிய அதே வேலையை இன்றைய கணினி நாம் உணராத வேகத்தில் முடித்துவிடுகிறது.

மிச்சம் எவ்வளவு? வோக்ஸ்வேகன் நிறுவனம் தன் காருக்குச் சொன்ன கணக்கு, ஐரோப்பியச் சோதனை ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர். அரை லிட்டருக்கும் குறைவு. வால்வு நேரத்தை மாற்றும் முறையும் பொதுவாக நூற்றுக்கு நாலைந்து பங்கு மிச்சம் தருவது. அதன் பெரும் பயன், குறைந்த வேகத்திலும் இழுவை, கூடிய வேகத்திலும் ஆற்றல், புகையில் நச்சுக் குறைவு என்று பரவிக் கிடக்கிறது. மிதியை வெறிகொண்டு மிதிப்பவர் அந்த நாலைந்து பங்கையும் ஒரே மேட்டில் இழந்துவிடுவார். எழுத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதல் விலை கேட்டால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றும் நமக்குத் தோன்றுகிறது. எட்டுச் சிலிண்டர் காரை வாங்கி, அதில் நான்கை நிறுத்தக் கணினி வைப்பது பெரிய இயந்திரம் வைத்திருப்போரின் பிரச்சினை. 1994இல் வந்த பெரோடுவா காஞ்சிலுக்கு 659 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டருமே இருந்தன. அந்த மூன்றும் பெரிய இயந்திரத்தின் சிலிண்டர்களைவிடக் கூடுதல் பளுவில் வேலை செய்தன. காற்றுத் தகடும் பெரிய காரில் இருப்பதைவிட அகலத் திறந்திருந்தது. தேவைக்குத் தக்க சிறிய இயந்திரத்தை வாங்கிய குடும்பம், கடிலாக் தேடிய மிச்சத்தைத் தொடக்கத்திலேயே பெற்றுவிட்டது. மலைச்சாலையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு அது திணறியது என்பதும் உண்மைதான்.

கடைசியாக, வீட்டில் கார் வைத்திருப்போர் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி. இதுவரை சொன்ன ஹோண்டாவின் ஆணியையும், தொயோத்தாவின் அறைகளையும், மைவியின் தண்டையும் நகர்த்துவது எஞ்சின் எண்ணெய்; பட்டறையில் 'மின்யாக் ஈத்தாம்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். பழைய சாகாவில் அந்த எண்ணெயின் வேலை உராய்வைத் தடுப்பதும் சூட்டைத் தணிப்பதும்தான். மாற்றாமல் சில மாதம் இழுத்தடித்தாலும் அது பொறுத்துக்கொண்டது. புதிய இயந்திரத்தில் அதே எண்ணெய் கையும் காலுமாக வேலை செய்கிறது. எண்ணெயைத் திறந்து விடும் கட்டுப்பாட்டு வால்வுக்கு முன்னால் மிக நுண்ணிய வடிவலை ஒன்று இருக்கும். எண்ணெய் பழுத்துக் கசடு கட்டினால் முதலில் அடைபடுவது அதுவே. அப்போது தண்டு திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாது. கார் நிற்கும்போது உறுமல் ஏறி இறங்கும், மேட்டில் இழுவை குறையும், முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். பல வேளைகளில் அந்தக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி, வலையைத் துடைத்துப் பூட்டினாலே போதுமானது. கருவி வைத்துப் பார்க்காமல் இயந்திரத்தையே பிரிக்கத் தொடங்கும் பட்டறையிடம் காரை விட வேண்டியதில்லை. கையேட்டில் குறித்த தடிப்பெண் உள்ள எண்ணெயையே ஊற்றச் சொல்லுங்கள். வலை அடைபடாமல் இருக்க, கையேடு சொல்லும் கிலோமீட்டரிலோ மாதக் கணக்கிலோ, எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெயையும் வடிகட்டியையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.